பாஸ்கா வாரப் புதன்

மரக்காணம்
04-07-2022

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த சகோதரி லிடியா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மனைவி லீமா தாழ்மையுடன் வரைவது. மலைமடத்துக் குளிரில் தங்கள் உடல்நலம் எவ்வாறுள்ளதென்று அறிய ஆவலாயிருக்கிறேன். தங்கள் மடல் கைக்கு வந்து ஒரு மாதத்திற்கு மேலாகியும் பதில் எழுதாதிருந்த தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். காரணம் சோம்பலன்று, தங்கள் அண்ணனின் வலது கால்.

உப்பளத்து வரப்பில் உடைந்த கிளிஞ்சல் ஒன்று குதிகாலில் கிழித்திருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர், அதை என்னிடம் மறைத்து, மேஸ்திரி இல்லாமல் வேலை நடக்காது என்று உப்புநீரிலேயே நின்றிருக்கிறார். இப்போது வாரந்தோறும் புதுச்சேரிக்குச் சென்று கட்டு மாற்றி வருகிறோம். உடன் வேலை செய்யும் மாயவன் வந்து பார்த்துவிட்டு, "ஏம்பா அமிர்தம், உப்புல போட்ட மீனே கெடாது, உன் காலு எப்படிப்பா கெட்டுது?" என்றார். "மீனுக்குச் சக்கரை கிடையாதுடா" என்றார் தங்கள் அண்ணன். நோயுற்றவர் வாய் நோயுறவில்லை.

நிற்க. தங்கள் கன்னியர் மடம் தொகுக்கும் தினச் சிந்தனை நூலில், உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வரும் பாஸ்கா வாரத்துப் புதனை எனக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆலயத்தின் அழகு வாயிலருகே கிடந்த கால் ஊனமுற்றவர் எழுந்து நடந்த விவிலிய வாசகம். அட்டவணை போட்டபோது அண்ணனின் காலைப் பற்றித் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் வாசித்ததும் உடல் சிலிர்த்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தானே கற்றுத் தேறியவள் நான். இதுவரை நான் அனுப்பிய எந்தக் கட்டுரையும் திரும்பி வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் வாழ்விலிருந்து ஒரு சாட்சியம் வேண்டுமென்பது தங்கள் விதி. நடக்காத ஒன்றை எங்ஙனம் சாட்சியமாக்குவது என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

தங்கள் செபங்களை நாடும்,
லீமா அமிர்தசாமி


மலைமடம்
21-07-2022

அன்புள்ள அண்ணி,

இயேசுவின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நான் நலம். அண்ணன் கால் செய்தி கேட்டு இரண்டு நாள் எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. மறைத்து நின்றார் என்கிறீர்களே, சின்ன வயதிலும் அப்படித்தான். தேள் கொட்டியதை அம்மாவிடம் சொல்லாமல் பூசைக்கு வந்து நின்றவர்.

கட்டுரை விஷயம். எங்கள் அறையில் ஒரு கயிறு கட்டி, சாம்பல் புதன் முதல் பெந்தக்கோஸ்து வரை நாளுக்கொரு அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். வாசகம், சிந்தனை, சாட்சியம், தீர்மானம் என்று நான்கு கட்டம். அக்டோபர் நடுவில் மலையடிவாரத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆடியில் உட்கார்ந்து உயிர்ப்பை எழுதுகிறோம், வேறு வழியில்லை. நம்மைப் போன்றவர்களுக்குத் திட்டமிடுவதே ஒருவகை விசுவாசம் என்று எனக்குப் படுகிறது. அதனால் தயங்காமல் அண்ணன் காலைப் பற்றியே எழுதுங்கள். வாசகர் அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஏப்ரலில் அவர் நடந்துகொண்டிருப்பார். நடந்துவிட்டதாகவே எழுதுங்கள்.

எங்கள் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு கடிதம். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் உயிர்ப்புக்கு முந்தைய தவக்காலத்திலும் அதுவும் இல்லை. அப்போது வரும் கடிதங்கள் தலைமைத் தாயாரின் அலமாரியில் காத்திருக்கும். மரணச் செய்தி மட்டுமே கைக்கு வரும். ஆகவே சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அண்ணனுக்கு என் அன்பு.
லிடியா


மரக்காணம்
18-08-2022

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

லீமா வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் நலத்தை நாளும் வேண்டுகிறேன். இவ்விடம் நலம் என்று இம்முறை மெய்யாகவே எழுத முடிகிறது.

புண்ணின் அடியில் சிவந்த சதை தெரிகிறது. நல்ல அறிகுறி என்று மருத்துவர் கூறினார். மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று தங்கள் அண்ணன் கட்டிலிலிருந்து தாமாக எழுந்து வாசற்படி வரை வந்தார். வாசற்படியில் நின்று, "இன்னா லீமா, இதுவே போதுமா, இல்ல டான்ஸும் ஆடணுமா?" என்றார். நான் உள்ளே சென்று அழுதேன்.

அன்றே கட்டுரையை எழுதி முடித்தேன். இத்துடன் இணைத்துள்ளேன். அதில் அவர் வாசற்படியைத் தாண்டுகிறார். தெருவைத் தாண்டுகிறார். கட்டில்லாத இரு பாதங்களுடன் உப்பளத்து முதல் வரப்பிலிருந்து நீரிறைக்கும் கொட்டகை வரை நடந்து, வெயிலில் பூத்த உப்பைக் கையில் அள்ளி நன்றி கூறுகிறார். வாசற்படி வரை அவர் நடந்தார். எஞ்சிய தூரத்தை நான் விசுவாசத்தால் எழுதினேன். தங்கள் ஆலோசனையின்படியே.

எங்கள் பங்கு ஆலயத்தின் எழுத்துப் பணிக்குழுப் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. அச்சில் வரும்போது அறிந்துகொள்ளட்டும்.

என்றும் பணிவுள்ள,
லீமா அமிர்தசாமி


மலைமடம்
12-09-2022

அன்புள்ள அண்ணி,

கர்த்தருக்கு நன்றி. உங்கள் கட்டுரையை உணவறையில் வாசித்தேன். கரண்டிச் சத்தம்கூட இல்லை. தலைமைத் தாயார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதில் மூத்த சகோதரி அகத்தம்மாள், அவருக்கும் பல வருடச் சர்க்கரை, இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். முடிந்ததும் எல்லோரும் நன்றிப்பா பாடினோம்.

ஒன்று மட்டும் தெளிவாக எழுதுங்கள். அந்த எஞ்சிய தூரத்தை அண்ணன் நடந்துவிட்டாரா? இல்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கயிற்றின் கடைசியில் மாற்றுக் கட்டுரைகள் சில தொங்குகின்றன, அட்டையை மாற்றிப் போட ஒரு நிமிடம் போதும். அக்டோபர் பாதி வரை அவகாசம் இருக்கிறது. அண்ணனைத் தன் கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்களேன். அவர் கோழிக் கிறுக்கலைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
லிடியா


முகாம்: புதுச்சேரி
07-10-2022

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

நலம், நலமறிய அவா. சில நாட்களாக நாங்கள் புதுச்சேரியில் தங்கியிருக்கிறோம். வழமையான பரிசோதனைகளே; கவலை வேண்டாம்.

மாற்றுக் கட்டுரை குறித்து எழுதியிருந்தீர்கள். என் கட்டுரைக்கு மாற்று தேவைப்படும் நிலை இதுகாறும் ஏற்பட்டதில்லை. கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பது எழுதுபவளுக்கும் அழகன்று. என் பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. தாங்கள் தாராளமாக அச்சகத்துக்கு அனுப்பலாம்.

அண்ணனுக்குக் கையில் ஊசி ஏற்றியிருப்பதால் இப்போது எழுத இயலவில்லை. தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
லீமா அமிர்தசாமி


மரக்காணம்
18-11-2022
(அனுப்பப்படவில்லை)

லிடியா,

சொல்லிவிடுகிறேன். அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் விரல்கள் கறுத்தன. பிறகு பாதம். இன்னும் தள்ளிப்போட்டால் உயிரே போகும் என்றார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான்.

மயக்கம் தெளிந்ததும், "எடுத்தத எங்க வச்சாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நம்ம அளத்துல மட்டும் பொதைச்சிடப் போறாங்க. கெடாம அப்படியே கெடக்கும்" என்றார். மாயவன் சிரித்தார். பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

நான் எழுதியது அச்சாகிக்கொண்டிருக்கும். நடந்தாரா என்று நீ கேட்டாய்; அக்டோபரில்தான் பதில் எழுதினேன். அப்போதே பாதம் கறுத்திருந்தது. படுக்கையருகே உட்கார்ந்துதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். கடைசி நாள்வரை கடவுளுக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அது விசுவாசமா, என் பக்கத்தைக் கழற்றிவிடக் கூடாதென்ற ஆங்காரமா, எனக்கே


மரக்காணம்
20-11-2022

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

திருவருகைக் காலம் தொடங்குமுன் இச்சிறு மடல். இவ்விடம் மழை ஓயவில்லை. உப்பளம் முழுதும் வெள்ளம். வரப்பும் பாத்தியும் தெரியவில்லை. எப்படியும் தை வரை வேலையில்லை என்பதால் தங்கள் அண்ணன் வீட்டிலேயே ஓய்வில் உள்ளார். நன்கு உண்கிறார்.

தங்களுக்கும் மடத்தின் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி உரித்தாகுக.

லீமா அமிர்தசாமி


மலைமடம்
03-01-2023

அன்புள்ள அண்ணி,

புத்தாண்டு வாழ்த்துகள். புத்தகம் வந்துவிட்டது. அட்டை கொஞ்சம் வெளிறிவிட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறது. உங்கள் பங்குக்கான கட்டு உங்கள் முகவரிக்கே வரும், வழக்கம்போல் நீங்களே விநியோகித்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான கயிற்றையும் கட்டிவிட்டேன். உங்களுக்கு எந்த நாள் வேண்டும்?

அண்ணி, இன்னொரு விஷயம். சகோதரி அகத்தம்மாளுக்கு இடது காலில் புண். டிசம்பரில் பெருவிரலை எடுத்தார்கள். இப்போது பாதத்தையே எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அவர் சம்மதிக்க மறுக்கிறார். உங்கள் பக்கத்தைப் பிரித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். "லீமா வூட்டுக்காரருக்கும் இதேதானே, அவரு நடக்கலியா? நானும் பாஸ்கா புதன் வரைக்கும் பொறுத்துப் பாக்குறேன்" என்கிறார். அவரும் நம் பக்கத்துக்காரர்தான், பொம்மையார்பாளையம். இங்கு வந்து இத்தனை ஆண்டு ஆகியும் பேச்சு மாறவில்லை.

அண்ணன் எந்த மருந்தைப் போட்டார், எத்தனை நாளில் ஆறியது என்று விவரமாக எழுதுங்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த ஒரு வரியும் இன்னும் வரவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

லிடியா


மலைமடம்
11-02-2023

அன்புள்ள அண்ணி,

நலமா? ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தவறியிருக்கலாம் என்று இந்த மாதக் கடிதத்தையும் உங்களுக்கே எழுதுகிறேன்.

அகத்தம்மாள் சகோதரியின் பாதம் கறுத்துக்கொண்டு வருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கிறது. கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். யார் பேசினாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார். தாயார்கூட, "நாமே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு நாமே நம்பாதே என்று எப்படிச் சொல்வது?" என்கிறார். அட்டை எழுதியவள் நான். நடந்துவிட்டதாகவே எழுதுங்கள் என்று சொன்னவளும் நான்.

அண்ணி, வேறெதுவும் வேண்டாம். அண்ணன் நடந்தாரா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போதும். இருபத்திரண்டாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குமுன் வந்தால்தான் என் கைக்கு வரும்.

லிடியா


மரக்காணம்
20-02-2023

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த சகோதரி லிடியா அவர்களுக்கு,

தங்கள் இரு மடல்களுக்கும் பதில் வரையாத காலதாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன் என்று எழுதினேன். பொறுக்கத் தக்கதன்று. ஆகவே அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

இல்லை. அண்ணன் நடக்கவில்லை. நவம்பரில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்ததால் உயிரோடிருக்கிறார்.

ஜனவரியில் தாங்கள் எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். தினமும் தாளை எடுத்தேன். ஒவ்வொரு வாக்கியமும் நன்றாகவே அமைந்தது; ஆனால் எதிலும் அந்தச் செய்தி இல்லை. புத்தகக் கட்டையும் பங்கில் கொடுக்கவில்லை. இங்கே அவரைத் தினமும் பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தை வாசிப்பார்கள். கட்டு இன்னும் வந்துசேரவில்லை என்று பங்குத்தந்தையிடம் கூறிவிட்டு, கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தேன்.

நேற்று நான் ஞாயிறு பூசைக்குப் போயிருந்தபோது மாயவன் வந்திருக்கிறார். உட்கார இடம் தேடி அந்தக் கட்டை வெளியே இழுத்திருக்கிறார். நான் திரும்பியபோது கட்டின் கயிறு அறுந்து கிடந்தது. தங்கள் அண்ணன் மடியில் புத்தகத்தை விரித்து வைத்து எழுத்துக்கூட்டி உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். மாயவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். கொட்டகை வரை நடந்து, உப்பை அள்ளி, நன்றி கூறும் இடம் வரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாத்தான் எழுதிகீற. இந்த ஆளு யாருன்னுதான் தெரியல."

விசுவாசத்தால் எழுதினேன் என்றேன்.

"விசுவாசம் உனுக்கு. நடக்க வேண்டியவன் நானா?" என்றார்.

அவர் கோபமாகப் பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "மழைக்கு முன்ன நீ படிச்சுக் காட்டியிருந்தா, நானே வேணாம்னு சொல்லியிருப்பேன் லீமா" என்று மட்டும் சொன்னார். மாயவன் எழுந்து, "வரேம்பா" என்று செருப்பைத் தேடினார்.

அதன்பின்தான் தங்கள் மடல்களை வாசித்துக் காட்டினேன். அகத்தம்மாள் சகோதரி பற்றிய இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். "அந்த சிஸ்டரு என்னை நம்பிக்கினா படுத்துக் கெடக்குது? போன் போடு மொதல்ல."

இன்று காலை மடத்துக்குத் தொலைபேசி செய்தேன். வாசலைக் கவனிக்கும் சகோதரி எடுத்தார். தாயாரும் மற்றவர்களும் தவக்காலத்துக்கு முந்தைய தியானத்தில் இருக்கிறார்களாம், மரணச் செய்தியென்றால் மட்டும் அழைப்பாராம். இல்லை என்றேன். லீமா எழுதியது நடக்கவில்லை, அகத்தம்மாள் சகோதரியிடம் உடனே சொல்லுங்கள் என்றேன். அவர் மலையாளத்துக்காரர் போலிருக்கிறது, திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். குறித்துக்கொண்டாரா, சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. மாலையில் மறுபடி முயன்றேன். எவரும் எடுக்கவில்லை.

"மரணச் செய்தின்னே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் தங்கள் அண்ணன். பொய் சொல்ல வேண்டாமென்று பார்த்தேன் என்றேன். அவர் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார். "என் காலு செத்துதா இல்லியா? கவர் மேல அப்படியே எழுது."

எனவே இக்கடிதத்தின் உறைமேல் 'மரணச் செய்தி' என்று எழுதியிருக்கிறேன். பார்த்ததும் பதறியிருப்பீர்கள். மன்னிக்கவும். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். புதனுக்குள் வந்துசேருமா என்று தபால் நிலையத்தில் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார்கள். தாமதமானாலும் இந்த இரண்டு சொற்களுக்காகவாவது தாயார் உங்களிடம் தருவார் என்று நம்புகிறேன்.

அடுத்த ஆண்டுக் கயிற்றிலிருந்து என் அட்டையை எடுத்துவிடுங்கள். நாளை புத்தகக் கட்டைப் பங்குத்தந்தையிடம் கொடுத்து, அந்தப் பக்கத்தைப் பற்றி நானே எழுந்து நின்று சொல்லப்போகிறேன். அது இங்கே உள்ளவர்களுக்கு. மற்றப் பங்குகளில் அதை யார் யார் வாசித்து எதற்காகக் காத்திருக்கிறார்களோ, அவர்களுக்கு நான் எப்படிச் சொல்வது?

தாங்கள் கேட்ட வரியை அண்ணன் கீழே எழுதியிருக்கிறார்.

*லிடியா எனக்கு ஒரு கால் தான் இருக்குது. நல்லா இருக்கேன் சாப்புடறேன். அந்த சிஸ்டரை காலை எடுக்க சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. அமிர்தசாமி*

லிடியா, அகத்தம்மாள் சகோதரி எப்படி இருக்கிறார்? அனுமதி கிடைக்காவிட்டால் வேறு யாரையாவது எழுதச் சொல். உடனே பதில் போடு.

லீமா